‘அன்று நான் பேசியது தவறு’ என்று இப்போது சொல்லலாமா?

கேள்வி: ஹூஸ்டன் நகரில் முப்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். 2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்தபோது அதை முழு மனத்துடன் ஆதரித்தேன். அந்த நாள்களில் ஒரு விருந்தில், போர் எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போய்வந்த நெருங்கிய நண்பரை, ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறாய்’ என்று பலர் முன்னிலையில் ஏசிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் தட்டை வைத்துவிட்டுப் போனவர் அதன்பின் என்னோடு பேசவில்லை. இப்போது என் கருத்து முற்றிலும் மாறிவிட்டது. இத்தனை காலம் கழித்து அதைச் சொல்லி என்ன பயன் என்கிறார் மனைவி. அடுத்த வீட்டுப் பெரியவரின் மகன் அந்தப் போரில் இறந்தவன் என்பது இன்னொரு தயக்கம். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள ஐயா, அன்று சொன்ன சொல்லை நீங்கள் மறக்காமல் இருப்பதையே முதலில் மதிக்கிறேன். பிரிட்டனில் யூகவ் நிறுவனம் 2003-இல் நடத்திய கருத்துக்கணிப்புகளில் சராசரியாக 54 விழுக்காட்டினர் போரை ஆதரித்தார்கள். அதே நிறுவனம் 2015-இல், அன்று என்ன நினைத்தீர்கள் என்று கேட்டபோது, ஆதரித்ததாகச் சொன்னவர்கள் 37 விழுக்காட்டினர்தான். மனம் மாறிய பலர், மாறியதையே மறந்துவிடுகிறார்கள்.

ஆனால், ‘எல்லோரையும் போல நானும் ஏமாந்தேன்’ என்று மட்டும் நண்பரிடம் சொல்லாதீர்கள். ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அரசு உறுதியாகச் சொன்னது, அமெரிக்கர்களில் பத்தில் ஏழு பேர் போரை ஆதரித்தார்கள் என்பதெல்லாம் உண்மையே. எனினும் 2002 அக்டோபரில் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 23 பேர் போருக்கு அனுமதி தருவதை எதிர்த்து வாக்களித்தார்கள். ஈராக்கில் அந்த ஆயுதங்களைத் தேடிய ஐ.நா. ஆய்வாளர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், 2003 மார்ச் 7 அன்று, பணியை முடிக்க ஆண்டுகள் வேண்டாம், சில மாதங்கள் போதும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் சொன்னார். நீங்கள் படித்த அதே செய்தித்தாள்களைத்தான் உங்கள் நண்பரும் படித்தார். அவர் சொல்ல வந்ததைக் காதில் வாங்காமலேயே இருக்க ‘இரண்டகம்’ என்ற சொல் உங்களுக்கு உதவியது. நீங்கள் வருந்த வேண்டியது அதற்காகவே.

வட கரோலினாவின் குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் ஜோன்ஸ் எனக்கு நினைவுக்கு வருகிறார். போருக்கு ஆதரவாக வாக்களித்ததோடு நில்லாமல், படையெடுப்பை எதிர்த்த பிரான்ஸின் மேல் கொண்ட கோபத்தில், நாடாளுமன்ற உணவகங்களில் ‘ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்’ என்ற பெயரை ‘ஃப்ரீடம் ஃப்ரைஸ்’ என்று மாற்றவைத்தவர்களுள் அவர் ஒருவர். அதே ஆண்டு, தம் தொகுதியிலுள்ள லெஜூன் படைமுகாமில் ஒரு மரைன் வீரரின் இறுதிச்சடங்குக்குப் போனார். புதிதாகப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பார்க்காமலேயே இறந்துபோன அந்த வீரர் கடைசியாக எழுதிய கடிதத்தை மனைவி அங்கே வாசித்தார். அன்று தொடங்கிய உறுத்தல், 2005-இல் படைகளைத் திரும்பப் பெறுமாறு வெளிப்படையாகக் கோரும் அளவுக்கு வளர்ந்தது. படைவீரர் குடும்பங்கள் நிறைந்த தொகுதி அது. சொந்தக் கட்சியினரே அவரை எதிர்த்துப் போட்டியிட்டார்கள். 2019-இல் இறக்கும்வரை, மாண்ட வீரர்களின் உற்றாருக்கு 11,000-க்கும் மேற்பட்ட கடிதங்களில் அவர் கையொப்பமிட்டு அனுப்பினார். வாக்கு வாக்காகவே நின்றது. அதைத் திரும்பப் பெற வழியில்லை என்று தெரிந்தும் எழுதினார். பயன் என்ன என்று உங்கள் மனைவி கேட்பதற்கு என்னிடம் உள்ள விடை இதுதான்.

ஒன்றை மனம் நோகாமல் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் நண்பர் இருக்கிறார், அடுத்த வீட்டு மகன் இருக்கிறான். ஈராக்கியர் ஒருவர்கூட இல்லை. அந்தப் போரிலும் அதன் பின்விளைவுகளிலும் இறந்த அந்நாட்டுப் பொதுமக்கள் லட்சத்துக்கும் மேல். உங்கள் நண்பர் ஊர்வலத்தில் நடந்தது அவர்களுக்காகவும்தான் என்பதால், அவரோடு பேசும்போது அவர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீட்டாரிடம் நீங்களாகப் போய் அந்தப் போர் தவறு என்று அறிவிக்க வேண்டியதில்லை. மகனை இழந்த வீடு வாதத்துக்கான இடம் அன்று. பையனின் பெயரைச் சொல்லி அவனைப் பற்றிப் பேசுங்கள், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பெரியவர் நேராகவே உங்கள் கருத்தைக் கேட்டால் மழுப்பாதீர்கள்: போகச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன், அது என் தவறு என்று உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். அவன் போனது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

நண்பருக்கு மின்னஞ்சல் வேண்டாம், தொலைபேசியில் கூப்பிடுங்கள். நலம் விசாரித்துச் சுற்றி வளைக்காமல், அந்த விருந்தையும் நீங்கள் சொன்ன சொல்லையும் நீங்களே முதலில் எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். பலர் முன்னிலையில் ஏசியிருக்கிறீர்கள். அன்று அங்கிருந்தவர்களில் தொடர்பில் உள்ளவர்களிடமும் இதைச் சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரிவித்துவிட்டு, அவர் மறுக்காவிட்டால் அப்படியே செய்யுங்கள். அவர் ஒன்றும் பேசாமல் வைத்துவிடவும் கூடும். அப்படியானால் மறுபடி அழைத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம். மற்றவர்களிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லி முடியுங்கள்.