கோடு விழவில்லை என்றால் காசநோய் இல்லையா?

கேள்வி: என் மாமனாருக்கு டிபி என்று மூன்று வாரமாக மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான்கு வயது மகளுக்கு ஒரு மாதமாக இருமல், சாப்பாடு இறங்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் 12.8 கிலோ, இப்போது 12.1. இணையத்தில் வாங்கிய, டிபி பார்க்கும் சிறுநீர்ப் பட்டையில் கோடு விழவில்லை. கிளினிக்கில் எக்ஸ்ரேவுக்குக் கூப்பிடுகிறார்கள். போகத்தான் வேண்டுமா? மாமனார் மாத்திரையில் பாதி கொடுத்தால் போதாதா? அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறதே? பாலர் பள்ளிக்குத் தெரிந்தால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களே?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: நாளைக் காலையே போங்கள். பட்டை வீட்டிலேயே இருக்கட்டும், கிளினிக்கில் அதற்கு வேலையில்லை.

அது தேடுவது 'லாம்' என்ற பொருளை. காசநோய்க் கிருமியின் மேலுறையில் இருக்கும் சர்க்கரையும் கொழுப்பும் கலந்த பொருள் அது. பட்டையில் 60 மைக்ரோலிட்டர் சிறுநீர், அதாவது ஏறக்குறைய ஒரு சொட்டு, விட்டு 25 நிமிடம் கழித்து, கூட வரும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. முற்றி உடல் முழுக்கக் கிருமி பரவியவர்களுக்குத்தான் 'லாம்' சிறுநீரில் தெரிகிற அளவுக்கு இறங்கும். உலக சுகாதார நிறுவனமும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறது. அவர்களிலேயே பாதிக்கு மேல் தவறவிடுகிற பட்டை இது. உங்கள் மகள் வயதில் நோய் வந்தால் கிருமி கொஞ்சம்தான் இருக்கும், அதுவும் நெஞ்சுக்குள் நெறிகட்டிய இடத்தில் ஒளிந்திருக்கும். சிறுநீரில் எங்கே வரப்போகிறது? கோடு விழுந்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். சிறு பிள்ளையின் சிறுநீரில் துளி மலம் கலந்தாலே பொய்க்கோடு விழலாம்.

எனக்குப் பயம் தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த எடை. நான்கு வயதுப் பெண் பிள்ளை சராசரியாக 16 கிலோ இருக்கும். ஒல்லிப் பிள்ளை ஒல்லியாகவே வளர்வது வேறு விஷயம். ஆறு மாதத்தில் ஒரு கிலோவாவது ஏற வேண்டிய பிள்ளை 700 கிராம் இறங்கியிருக்கிறாள், வீட்டிலோ டிபி இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் எடைக்கோடு போடும் பக்கத்தைத் திறந்து கிளினிக் மேசையில் வையுங்கள். வேறெதுவும் சொல்லாவிட்டாலும் டாக்டருக்குப் புரியும்.

அங்கே டிபி கிருமி உடலில் புகுந்திருக்கிறதா என்று பார்க்க முன்கையில் 0.1 மி.லி. ஊசி ஒன்று போடுவார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். வியாழன் போட்டால் அந்த நாள் சனி, ஞாயிறில் விழும், அதனால் திங்களோ செவ்வாயோ கேளுங்கள். அளப்பது தடிப்பை மட்டும்தான், சிவப்பு கணக்கில்லை. அரிக்கிறதென்று கோடாலித் தைலம் தடவாதீர்கள். இந்த வயதில் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் விடிகாலையில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுப்பார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டும், எழுந்ததும் ஒரு வாய் மைலோ கொடுத்தாலும் வீண். மலத்தையும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் பார்க்கலாம். இத்தனையிலும் கிருமி சிக்காமல் போகலாம். அப்போதும் எக்ஸ்ரே, எடை, வீட்டிலுள்ள நோயாளி மூன்றையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் மருந்து தொடங்கினால், "ரிசல்ட் நெகட்டிவ்தானே" என்று மல்லுக்கு நிற்காதீர்கள். பிள்ளைகளுக்கு அப்படித்தான் முடிவெடுக்கிறோம். நோய் இல்லை என்றே தெரிந்தாலும் ஐந்து வயதுக்குள் இருப்பதால் தடுப்பு மருந்து உண்டு.

மாமனார் மாத்திரையைத் தொடவே கூடாது. 12 கிலோ பிள்ளைக்கு ஐசோனியாசிட் என்ற டிபி மருந்து மட்டுமே நாளுக்கு 120 மி.கி. வேண்டும். நான்கு மருந்து சேர்ந்த அந்த மாத்திரை முழுசிலேயே அது 75தான், பாதியில் 37. நோயும் போகாது, மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்ப்பீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை நாள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், அது சோதனை முடிவையே மாற்றிவிடும்.

அவருக்குச் சிறுநீர் சிவப்பது அந்த மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின் மருந்தின் சாயம், விட்டுத்தள்ளுங்கள். தட்டு, தம்ளரைத் தனியாக வைத்தும் பயனில்லை. இது காற்றில் வருவது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பட்டையை வாங்க வைத்ததே பாலர் பள்ளிப் பயம்தான் என்று புரிகிறது. சின்னப் பிள்ளைகள் பிறருக்கு ஒட்ட வைப்பது அபூர்வம். சளியில் கிருமி குறைவு, இருமலுக்கு வேகமும் இல்லை. எப்போது பள்ளிக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்வார், பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம்.

இதற்கிடையில் பிள்ளை விளையாட்டை விட்டுத் தூங்கித் தூங்கி விழுந்தாலோ, எதற்கெடுத்தாலும் சிணுங்கி வாந்தி எடுத்தாலோ, கழுத்தைக் குனிய முடியாமல் அழுதாலோ, கிளினிக் தேதியை மறந்துவிடுங்கள். மூளைச் சவ்வுக்கு நோய் ஏறும்போது இப்படித்தான் தொடங்கும். பிறந்தபோது பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்டிருந்தாலும் அசட்டை வேண்டாம். நடு இரவானாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போய், முதல் வார்த்தையாக "வீட்டில் தாத்தாவுக்கு டிபி" என்று சொல்லுங்கள்.