அலுவலகம் ஏற்பாடு செய்யும் கோச்சிடம் மனம்விட்டுப் பேசலாமா?

கேள்வி: பதவி உயர்வு கிடைத்து ஒரு குழுவை வழிநடத்துகிறேன். ராத்திரி ஒரு மணியானாலும் வேலை நினைப்பு விடுவதில்லை. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். அலுவலகமே செலவு செய்து கோச் ஒருவரை, அதாவது வேலைச் சிக்கல்களைப் பேசித் தெளிவுபெற உதவும் வழிகாட்டியை, ஏற்பாடு செய்கிறதாம். பயன் இருக்குமா? அங்கே பேசுவது மேலாளர் காதுக்குப் போய்விடாதா?

பதில்: இரண்டாவது கேள்விதான் முக்கியம். அந்தப் பயம் இருக்கும்வரை நீங்கள் மனம்விட்டுப் பேசமாட்டீர்கள். பேசாமல் எந்தக் கோச்சாலும் உதவ முடியாது. நிறுவனத்துக்கு எது தெரிவிக்கப்படும், எது தெரிவிக்கப்படாது என்பதை முதல் அமர்வுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை அமர்வு நடந்தது, எந்த இலக்கை நோக்கி நடந்தது என்பதோடு நிற்பதே நல்ல ஏற்பாடு. 1995-இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் நெறிமுறைகளும் இதை முன்கூட்டியே தெளிவாக்கச் சொல்கின்றன. மழுப்புகிறவர் வேண்டாம், வேறொருவரைக் கேளுங்கள்.

கோச் மருத்துவர் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே கிடந்தால், பிடித்தவை கூடப் பிடிக்காமல் போனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே, தாமதிக்காமல்.

அப்படி இல்லையென்றால் கோச்சிங் பலன் தரும் என்றே நினைக்கிறேன். லாசரஸ், ஃபோக்மேன் என்ற இரு உளவியலாளர்கள் 1984-இல் விளக்கியதுபோல, நம்மிடம் கேட்கப்படுவது நம் கையிருப்பை மிஞ்சுகிறது என்று நாம் கணிக்கும்போதுதான் மன அழுத்தம் வருகிறது. கோச் அந்தக் கணக்கை உங்களோடு உட்கார்ந்து சரிபார்ப்பார். ராத்திரி வரும் மெயிலுக்கு உடனே பதில் போட வேண்டும் என்று யாராவது சொன்னார்களா, நீங்களே வைத்துக்கொண்ட விதியா? இப்படிக் கேட்பார். பிறகு ஒரே ஒரு மாற்றம்: "ஒன்பது மணி அடித்தால் போன் வேறு அறைக்குப் போகும், அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள்" என்று குழுவிடம் சொல்லிவிடுவது. இரண்டு வாரம் செய்துபார்த்து, தூக்கத்தையும் கோபத்தையும் குறித்துவைத்து, அடுத்த அமர்வுக்குக் கொண்டுபோக வேண்டும். சரிவரவில்லையென்றால் திட்டத்தை மாற்றுங்கள், உங்களை நொந்துகொள்ளாதீர்கள். உண்மையான வேலை இரண்டு அமர்வுகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

மீள்திறன் என்றால் எவ்வளவு ஏற்றினாலும் தாங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிபட்ட பிறகு இயல்புநிலைக்குத் திரும்ப முடிவதே மீள்திறன். அதற்கு ஓய்வு வேண்டும். வேலைச் சோர்வு நிலையை நோயாக அல்லாமல், சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாகவே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. ஆகவே இரண்டு பேர் வேலையை நீங்கள் ஒருவரே செய்கிறீர்கள் என்று தெரியவந்தால், மூச்சுப்பயிற்சி மட்டும் போதாது. எந்த வேலையைக் குறைக்கலாம், யாரிடம் மாற்றலாம் என்று மேலாளரிடம் பேச ஒத்திகை பார்க்கக் கோச்சிடமே உதவி கேளுங்கள்.

நான்காவது அமர்வு முடிந்ததும் குறிப்புகளைப் புரட்டுங்கள். தூக்கத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதைக் கோச்சிடம் நேராகச் சொல்லுங்கள். வேறு முறையை முயல்வதா, மருத்துவரிடம் போவதா என்பதை அப்போது முடிவு செய்யலாம்.