சிஏ 125 அறிக்கையில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது? - கேள்வி பதில்

கேள்வி: வயது 34. இடது சினைப்பையில் சாக்லேட் நீர்க்கட்டி இருக்கிறது. சிஏ 125 அளவு 62 வந்திருக்கிறது. இது புற்றுநோயா?

பதில்: இந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலான ஆய்வகங்கள் மில்லிலிட்டருக்கு 35 யூனிட்டை எல்லையாக வைத்திருக்கின்றன. சிஏ 125 ரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம்; சினைப்பைப் புற்றுநோயில் உயரக்கூடும் என்பதால் இதைப் பார்க்கிறார்கள். சினைப்பைக் கட்டி மட்டுமல்ல, வயிறு, நுரையீரல், இதயம் ஆகியவற்றைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளும் இதைச் சுரக்கும். அவற்றில் எரிச்சலோ நீர்க்கோர்வையோ வந்தால் அளவு ஏறிவிடும். சாக்லேட் கட்டி என்பதே எண்டோமெட்ரியோசிஸ்தான், அதாவது கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. அதில் 62 என்பது சாதாரணமாகக் காணும் அளவு. ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி), இடுப்புக்குழித் தொற்று, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள், கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் உயரும். வயிற்றுக் காசநோயில் சில நூறுகளைத் தாண்டுவதும் உண்டு. வயிற்றில் நீரும் சேர்ந்திருப்பதால் புற்றுநோய் என்றே தவறாக நினைத்துவிடுவார்கள். மாதவிடாய் நாட்களில் ரத்தம் கொடுத்திருந்தால், அது முடிந்தபின் அதே ஆய்வகத்தில் மீண்டும் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. ஒரு மாதமாக வயிறு உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது. சிஏ 125 அளவு 28தான். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: வேண்டாம், ஸ்கேன் எடுக்காமல் விடாதீர்கள். முதல் நிலையில் இருக்கும் சினைப்பைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த அளவு ஏறுவதே இல்லை. மியூசினஸ் (சளி போன்ற திரவம் சுரக்கும்) வகைக் கட்டிகளில் பல நேரம் இயல்பாகவே இருக்கும். 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவை நீடித்தால், எண் எதுவானாலும் மகளிர் நோய் மருத்துவரைப் பார்த்து வயிறு, இடுப்பு ஸ்கேன் எடுக்க வேண்டும். வாயு மாத்திரையோடு மாதங்களைக் கடத்துவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு.

கேள்வி: அறிக்கையில் 'ஆர்எம்ஐ 540' என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அது என்ன?

பதில்: சினைப்பைக் கட்டி புற்றுநோயாக இருக்கும் அபாயத்தைக் கணிக்கும் குறியீடு. மூன்று எண்களின் பெருக்கல். ஸ்கேனில் ஐந்து அடையாளங்களைத் தேடுவார்கள்: பல அறைகள் கொண்ட கட்டி, திடமான பகுதி, இரு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறிடம் பரவிய தடயம். எதுவும் இல்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. இவற்றோடு சிஏ 125 அளவைப் பெருக்க வேண்டும். சிஏ 125 அளவு 60 என்றால், 3 × 3 × 60 = 540. அதே 60, மாதவிடாய் நிற்காத, ஒரே அடையாளம் உள்ள பெண்ணுக்கு வெறும் 60தான். 200க்கு மேல் (சில இடங்களில் 250) போனால், அறுவை சிகிச்சையை மகளிர் புற்றுநோய் நிபுணரிடமே செய்வது நல்லது. அப்போதும் இது நோயறிதல் அல்ல. திசுப் பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

கேள்வி: வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

பதில்: தேவையில்லை.

கேள்வி: அக்காவுக்கு கீமோ முடிந்துவிட்டது. போன முறை 12, இப்போது 17. மறுபடி வந்துவிட்டதா?

பதில்: இயல்பு வரம்புக்குள் ஏற்படும் இத்தகைய சிறு அசைவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கருவியோ வேதிப்பொருளோ மாறினாலே எண் மாறும், அதனால் ஆய்வகத்தை மாற்றாதீர்கள். அளவு இயல்புக்கு இறங்கியவர்களுக்கு, குறைந்தது ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை 70ஐத் தொட்டால்தான் நோய் திரும்பியதற்கான குறியாகக் கொள்வார்கள். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் அதற்கு முன்னரே மருத்துவரிடம் சொல்லுங்கள். அண்மையில் வயிற்று அறுவை நடந்திருந்தால் சில வாரங்கள் அளவு உயர்ந்தே இருக்கும். 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், எண் ஏறியதும் கீமோ தொடங்கியவர்கள், அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. எனவே எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதை அக்காவும் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

கேள்வி: எந்தத் தொந்தரவும் இல்லை. ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் சுமார் 2 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது; ஆண்டுப் பரிசோதனையால் இறப்பு குறையவில்லை. தேவையற்ற அறுவை சிகிச்சைகள்தான் கூடும். தாய்க்கோ சகோதரிக்கோ சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்தால், மரபணு ஆலோசனை கேளுங்கள்.

கேள்வி: தங்கைக்கு 19 வயது, சினைப்பையில் திடமான கட்டி. சிஏ 125 மட்டும் போதுமா?

பதில்: போதாது. இந்த வயதில் முளையணுக் கட்டிகளை (கருமுட்டையாகும் அணுக்களில் தோன்றுபவை) நினைக்க வேண்டும். ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் அறுவைக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். கட்டியை அகற்றியபின் அந்தத் தொடக்க அளவு கிடைக்காது, பிறகு சிகிச்சை பலிக்கிறதா என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது.