பிஎல்ஏவில் ரப்பர் கலப்பது: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம், பயிர்ச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) டப்பா கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைகிறது. ரப்பர் கலந்தால் தாங்குமா?

பதில்: தாங்கும், ஆனால் எந்த ரப்பர் என்பதுதான் விஷயம். பிஎல்ஏ 60 டிகிரி பக்கம் போனால்தான் இளகும், அதற்குக் கீழே கண்ணாடி மாதிரி, ஒரு விரிசல் கிளம்பினால் நிறுத்த ஆளில்லை. அதற்குள் ரப்பர் மைக்ரான் அளவுத் துளிகளாகப் பரவியிருந்தால், அடி விழும்போது துளிக்குள் குழி விழுந்து, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இழுபட இடம் கிடைக்கிறது, அடியின் வேகம் அந்த இழுபடுதலிலேயே கரைந்துவிடும். சாதாரண இயற்கை ரப்பர் பிஎல்ஏவோடு ஒட்டாது, துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிடும். அதனால்தான் ரப்பர் பாலிலேயே பார்மிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, இரட்டைப் பிணைப்புகளில் ஒரு பகுதியை எபாக்சைடாக்குகிறார்கள், அதாவது அந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவை வளையமாகக் கோர்க்கிறார்கள், அப்போது பிஎல்ஏவோடு ஒட்டும். கால்வாசி மாறினால் இஎன்ஆர்-25 (இஎன்ஆர் என்றால் எபாக்சைடாக்கிய இயற்கை ரப்பர்), பாதி மாறினால் இஎன்ஆர்-50. கலப்பதற்கு முன் பிஎல்ஏவை நன்றாக உலர்த்துங்கள்.

கேள்வி: எத்தனை சதவீதம்?

பதில்: 10-இல் தொடங்கி 20 வரை போய்ப் பாருங்கள். ரப்பர் கூடக்கூட டப்பாவின் விறைப்பு குறையும், அடி தாங்கும் குணம் இலவசமாக வருவதில்லை.

கேள்வி: ரப்பர் பாலை அப்படியே எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் இயந்திரம்) ஊற்றலாமா?

பதில்: செறிவாக்கிய பாலிலேயே 40 சதவீதம் தண்ணீர்தான். அந்தச் சூட்டில் தண்ணீர் பிஎல்ஏ சங்கிலியை அறுத்துவிடும். உலர்த்து உலர்த்து என்று நான் கத்துவது இதற்குத்தான்.

கேள்வி: குமரி மாவட்டத்தில் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. ஒட்டுப்பால் மலிவு, அதைப் போடலாமா?

பதில்: வேண்டாம். அதிலிருக்கும் மண்ணும் பட்டைத்தூளுமே விரிசலுக்குப் பிள்ளையார் சுழி போடும்.

கேள்வி: டப்பா தெளிவாகத் தெரியுமா?

பதில்: தெரியாது. ரப்பருக்கும் பிஎல்ஏவுக்கும் ஒளிவிலகல் எண் வேறு, வெள்ளையாக மங்கும்.

கேள்வி: எத்தனை சதவீதம் சேர்க்கலாம், சார்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: எபாக்சைடு கூடினால் பிஎல்ஏவோடு நன்றாக ஒட்டும், அப்படியானால் எப்போதும் இஎன்ஆர்-50தானே சிறந்தது?

பதில்: 'எப்போதும்' என்ற சொல்தான் உதைக்கிறது. சாதாரண ரப்பர் மைனஸ் 70 டிகிரி அருகில்தான் கண்ணாடி மாதிரி விறைக்கும். எபாக்சைடு ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் அந்த வெப்பநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். பாதி மாற்றிவிட்டால் மைனஸ் 20-ஐ நெருங்கிவிடும்.

கேள்வி: எங்கள் லேபில் இஎன்ஆர்-50 போட்டதுதான் ஐசோட் சோதனையில் (ஊசல் சுத்தியலால் அடித்து உடைக்கும் சோதனை) ஜெயித்தது. நீங்கள் சொல்வது வெறும் ஏட்டுக் கணக்கு.

பதில்: ஜெயித்திருக்கும், மறுக்கவில்லை. ஏசி அறையில் அடித்துப் பார்த்திருப்பீர்கள். என்ன டப்பா செய்கிறீர்கள்?

கேள்வி: ஐஸ்கிரீம் டப்பா.

பதில்: அட, அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! மைனஸ் 18-இல் உங்கள் ரப்பரே பாதி கண்ணாடி, அதிலும் அடி வேகமாக விழும்போது ரப்பர் இன்னும் குளிர்ந்தது போல விறைத்துக்கொள்ளும். இஎன்ஆர்-25, இஎன்ஆர்-50 இரண்டிலும் சோதனைப் பட்டை வார்த்து ஒரு ராத்திரி பிரீசரில் வையுங்கள், எடுத்த கையோடு அடித்துப் பாருங்கள். பிஎல்ஏவை உலர்த்திவிட்டுத்தானே வார்ப்பீர்கள்?