மீட்டரும் ரேடியோவும் மங்கலா? கேள்வி பதில்

கேள்வி: பகலில் கார் மீட்டர் பளிச்சென்று இருக்கிறது. ஹெட்லைட் போட்டதும் மீட்டரும் ரேடியோ டிஸ்ப்ளேயும் சேர்ந்து மங்கிவிடுகின்றன. பல்ப் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இரவில் கண் கூசக்கூடாது என்று அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பார்க்கிங் லைட் போட்டாலே இரண்டும் குறையும். எவ்வளவு குறைய வேண்டும் என்பது டிம்மரின் கையில். லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில் சின்ன உருளையாக இருக்கும். சில கார்களில் மீட்டரிலுள்ள பட்டனைத் திருக வேண்டும், புதிய கார்களில் திரை மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். நானே ஒருமுறை மீட்டரை முழுக்கக் கழற்றி, பல்ப் எல்லாம் பார்த்து, மறுபடி மாட்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன்: டேஷ்போர்டைத் துடைத்தபோது துணி பட்டு உருளை கீழே இறங்கியிருந்தது. அரை நாள் போச்சு.

கேள்வி: உருளையைத் திருப்பினால் வெளிச்சம் விட்டு விட்டு வருகிறது. ஓர் இடத்தில் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் நகர்த்தினால் மங்குகிறது.

பழைய வகை ரியோஸ்டாட் டிம்மராக இருக்கும். உள்ளே கம்பிச் சுருளின் மேல் ஒரு தகடு உரசி ஓடும். வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்றால் களிம்பு பிடிக்கும். இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இருபது முப்பது தடவை உருட்டிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். சரியாகாவிட்டால் கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடிக்கலாம், அதற்கும் மசியவில்லையென்றால் டிம்மரை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: இரவில் மீட்டர் வெளிச்சம் சுத்தமாக இல்லை.

முதலில் இறங்கிப் போய்ப் பின்பக்க விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். நிறையக் கார்களில் இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ். அது போயிருந்தால் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

கேள்வி: புதிய ஸ்டீரியோ மாட்டியதிலிருந்து அதன் டிஸ்ப்ளே பகலிலும் மங்கலாகவே இருக்கிறது. மீட்டரில் கோளாறு இல்லை.

மாட்டியவர் ஒரு ஒயரை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். தனியாக விற்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் பேட்டரி மின்சாரம், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். இவை போக ஆரஞ்சு நிறத்தில், அல்லது ஆரஞ்சில் வெள்ளைக் கோடு போட்டு ஒன்று இருக்கும். அதில் 12 வோல்ட் வந்தால் ‘இரவாகிவிட்டது’ என்று ஸ்டீரியோ புரிந்துகொண்டு தானே மங்கிக்கொள்ளும். அதைப் போய் மஞ்சளோடோ சிவப்போடோ முறுக்கிவிட்டால் அதற்கு எந்நேரமும் இரவுதான்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பார்க்கிங் லைட் அணைந்திருக்கும்போது அந்த ஒயரில் வோல்ட் இருக்கவே கூடாது. இருந்தால் பிரித்து, நுனியில் டேப் சுற்றிவிடுங்கள். இரவில் தானாக மங்காது, அவ்வளவுதான் நஷ்டம். மங்க வேண்டும் என்றால் பார்க்கிங் லைட் லைனிலிருந்து எடுங்கள். டிம்மருக்குப் பிறகு வரும் லைனில் வோல்ட் ஏறி இறங்கும், அதைக் கொடுத்தால் சில ஸ்டீரியோக்கள் குழம்பும்.

கேள்வி: மீட்டரில் இடது பாதி மட்டும் இருட்டு. எல்இடி போடலாமா அண்ணா?

பாதி மட்டும் என்றால் பல்ப்தான். பழைய மீட்டர்களில் விரல் நுனி அளவு பல்ப் மூன்று நான்கு இருக்கும். எரிந்து போகாவிட்டாலும் கண்ணாடி கறுத்து மங்கும், அதனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். எல்இடி தாராளமாகப் போடலாம். ஆனால் அதற்குத் திசை உண்டு: எரியவில்லையென்றால் பழுது என்று தூக்கிப் போடாமல் திருப்பிச் செருகுங்கள். பழைய டிம்மரோடு அது சரியாக இறங்கி ஏறாமல் போகலாம். சார்ஜ் எச்சரிக்கை விளக்கில் மட்டும் எல்இடி வேண்டாம். சில கார்களில் அந்த பல்ப் வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) எழுப்பிவிடுகிறது.

கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள், ஸ்டீரிங்கில் ஏர்பேக் இருக்கிறது. கம்பெனி ரேடியோ என்றால் கோட் எண் கையில் இருக்கட்டும். மின்சாரம் போனால் சில ரேடியோக்கள் அதைக் கேட்கும்.

கேள்வி: எனக்கு மீட்டர், ரேடியோ, ஹெட்லைட் எல்லாமே மங்கல். ஆக்சிலரேட்டர் மிதித்தால் பிரகாசமாகிறது.

அப்படியானால் டேஷ்போர்டை விட்டுவிட்டு பானெட்டைத் திறங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டரையும் அதைச் சுழற்றும் பெல்ட்டையும் சந்தேகப்படுங்கள். இழை பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் சின்னக் குறையும் கண்ணில் படுகிறது. வோல்ட் சரியாக இருந்தும் மங்கலென்றால் எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தில் துரு இருக்கும், சுரண்டி இறுக்குங்கள்.

கேள்வி: சார், நல்ல வெயிலில்தான் எனக்கு மங்குகிறது. மீட்டர் முழுக்கத் திரை வகை.

டேஷ்போர்டின் மேல் துணியோ பொம்மையோ வைத்திருக்கிறீர்களா? அங்கே பொட்டு மாதிரி ஒரு வெளிச்ச சென்சார் இருக்கலாம், அதை மூடினால் கார் இரவென்று நினைக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்சிடி திரைகள் சில கோணங்களில் கறுத்துத் தெரியும். தலையைச் சாய்க்கும்போது வெளிச்சம் மாறினால் காரில் எந்தக் கோளாறும் இல்லை.