வீட்டில் அப்பாவின் இரத்த அழுத்தம் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகக் காட்டுகிறது. இயந்திரத்தில் கோளாறா, மருந்தைக் கூட்ட வேண்டுமா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் உங்கள் 66 வயதுத் தந்தைக்கு ஒரே மாலையில் 158, 141, 149 என்று மூன்று அளவுகள் வந்ததாகவும், புதிதாக வாங்கிய இயந்திரத்தையே மாற்றிவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் என் அம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதி வருபவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இயந்திரத்தை மாற்ற வேண்டாம், மருந்திலும் கை வைக்க வேண்டாம். முதலில் அளவெடுக்கும் முறையைச் சரிசெய்யுங்கள்.

இரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறக்கூடியது. மாடிப்படி ஏறினாலும், சிறுநீரை அடக்கி வைத்திருந்தாலும், கோப்பி குடித்தாலும், பேசினாலும் கூடும். எங்கள் வீட்டில் முதல் இரண்டு ஆண்டுகள் இதெல்லாம் தெரியாமலேயே அளந்தோம். அடுப்படியிலிருந்து அப்போதுதான் வந்த அம்மாவைத் தாழ்ந்த பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, கையை மடியில் போடச் சொல்லி, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுவோம். பட்டை இறுகத் தொடங்கியதும்தான் அம்மாவுக்குப் பேச்சும் தொடங்கும். கை இதயத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அப்படித்தான். அந்த நாள்களில் நோட்டில் எழுதிய எண்களில் எத்தனை அம்மாவுடையவை, எத்தனை நாற்காலியுடையவை என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

காலையில் சிறுநீர் கழித்த பிறகு, மாத்திரைக்கும் பசியாறலுக்கும் முன்னதாக அளவெடுங்கள். அளப்பதற்கு முந்தைய 30 நிமிடங்களில் கோப்பி, தேநீர், சிகரெட் எதுவும் கூடாது. முதுகு நாற்காலியில் சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல், கை மேசைமீது இதயத்தின் உயரத்தில் இருக்க, ஐந்து நிமிடங்கள் பேசாமல் உட்கார்ந்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இன்னொரு முறை எடுங்கள். இரவிலும் இப்படியே இரண்டு முறை. ஏழு நாள்கள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு, மீதி 24 அளவுகளின் சராசரியைப் பார்த்தால் தந்தையின் உண்மையான நிலை ஓரளவு தெரிந்துவிடும். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85 (மேல் எண் 135, கீழ் எண் 85) அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தமாகக் கருதப்படும். கிளினிக்கில் எடுக்கும்போது அந்த எல்லை 140/90. மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டுவதே நம்பத் தக்கது என்பதால், உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பதால் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை அம்மாவுக்கு 168 காட்டியது. தொலைபேசியில் அண்ணன் பதற, அன்றைக்கு ஏற்கெனவே போட்டிருந்த அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையில் இன்னொன்றைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் விடியலில் சாமி விளக்கு ஏற்ற எழுந்தவர் தலைசுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மாத்திரைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அது மெல்ல வேலை செய்யும் மருந்து என்பதையும், அதன் முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதையும், ஒரு மாலை நேர எண்ணுக்காக அதைக் கூட்டுவதில் பொருளே இல்லை என்பதையும் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தானாக நிறுத்துவதும் அதே அளவு ஆபத்தானது. அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், பெரின்டோபிரில் என்ற இன்னொரு இரத்த அழுத்த மருந்தால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். நம் பெரியவர்கள் அதை வெளியில் சொல்லாமல் மாத்திரையை அலமாரியில் சேர்த்துவைத்துவிடுவார்கள். தந்தையிடம் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். மாற்று மருந்து உண்டு, மருத்துவரிடம் சொன்னால் போதும். மூட்டுவலிக்கு அவராகவே வாங்கிப் போடும் ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை.

உப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விட முடியவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அம்மா சமையலில் உப்பைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் கருவாடும் ஊறுகாயும் வைத்துக்கொள்வார். மீ கோரிங்கில் (வறுத்த மீயில்) ஊற்றும் கிச்சாப் என்ற சோயா சாஸ் அவர் கணக்கில் உப்பே இல்லை. பினாங்குக்காரர்களாகிய எங்களுக்கு நாசி கண்டாரில் எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றாவிட்டால் சோறு இறங்காது. நாங்கள் சாப்பாட்டை நிறுத்தவில்லை, குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குகிறோம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பெரின்டோபிரில் வகை மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அது தீங்கு செய்யலாம்.

ஓர் அவசர நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 180/120 அல்லது அதற்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் மலேசிய அவசர எண் 999ஐ அழையுங்கள். வாய் கோணலும் கைகால் தளர்ச்சியும் வந்தால் எண் எதுவாக இருந்தாலும் அழைக்க வேண்டியதுதான். அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் அவ்வளவு உயர்ந்திருந்தால், ஐந்து நிமிடங்கள் ஓய்வெடுக்கவைத்து மீண்டும் எடுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தந்தையின் அடுத்த அப்பாயின்மெண்டுக்கு நோட்டோடு இயந்திரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கிளினிக்கில் அளக்கும்போது உங்களுடையதையும் அதே கையில் கட்டிப் பார்த்து ஒப்பிடச் சொன்னால், இயந்திரத்தின் மீதான உங்கள் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.