வாங்குமுன் ஒரு வார்த்தை: மேப், வெப்சைட், பில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி மேப்பும் வெப்சைட்டும் சம்பந்தப்பட்டவை. ஏற்காட்டு ஹோம்ஸ்டேயிலிருந்து செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை வரை, யாரோ சொன்ன விலையைக் கட்டிவிட்டு அப்புறம்தான் எழுதுகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் எழுதினால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் லாபம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஏற்காட்டில் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். எங்கள் வெப்சைட்டில் இருந்த கூகுள் மேப் போன மாதத்திலிருந்து கறுத்துப்போய், குறுக்கே ‘ஃபார் டெவலப்மென்ட் பர்ப்பஸஸ் ஒன்லி’ என்று வருகிறது. செய்து கொடுத்தவர் ‘மேப் லைசென்ஸ் முடிந்துவிட்டது, புதுப்பிக்க 18,000 ரூபாய்’ என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. முதலில் என்ன கோளாறு என்று நீங்களே பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் உங்கள் வெப்சைட்டைத் திறந்து, விசைப்பலகையில் எஃப்12 அழுத்துங்கள். பக்கத்தில் ஒரு பலகை திறக்கும். அதில் ‘கன்சோல்’ என்ற தலைப்பைத் தொட்டால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதில் ‘பில்லிங் நாட் எனேபிள்ட்’ என்று இருந்தால், மேப்புக்கான கணக்கில் பில்லிங் இணைக்கப்படவில்லை என்று பொருள். ‘ரெஃபரர் நாட் அலவ்ட்’ என்று இருந்தால், உங்கள் வெப்சைட் முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். முகவரியைச் சேர்த்தால் சரியாகிவிடும், அதற்குக் கட்டணமே கிடையாது.

2018-லிருந்து இந்த வகை மேப்புக்கு ஏபிஐ கீ (மேப் சேவையைத் திறக்கும் தனிக் குறியீடு) ஒன்றும், அதோடு பில்லிங் கணக்கும் கட்டாயம். ஆனால் மாதத்துக்கு இத்தனை தடவை வரை இலவசம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. மூன்று அறை ஹோம்ஸ்டேயின் வெப்சைட் அதை எட்டாது.

உங்களுக்கு அதுகூட வேண்டாம். கூகுள் மேப்பில் உங்கள் வீட்டைத் தேடி, ‘ஷேர்’ அழுத்தி, ‘எம்பெட் எ மேப்’ என்பதைத் தேர்ந்தால் ஒரு துண்டு கோடு (நிரல் வரி) கிடைக்கும். அதை வெப்சைட்டில் ஒட்டினால் மேப் வந்துவிடும். கீ, கார்டு, காசு எதுவும் வேண்டாம். இதை ஒட்டிக் கொடுக்கக் கல்லூரிப் பிள்ளை ஒருவர் போதும், ஒரு டீ நேரத்து வேலை.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடை மேப்பிலிருந்து நீக்கப்படப் போகிறது’ என்று போன் வந்தது. பயந்துபோய் யுபிஐயில் 12,000 அனுப்பிவிட்டேன். இப்போது அந்த நம்பர் எடுப்பதில்லை.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. பயமுறுத்திப் பறிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் மாட்டியிருக்கிறீர்கள். இதைப் படித்த உடனே 1930-க்கு அழையுங்கள், அது சைபர் மோசடிக்கான அரசு உதவி எண். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பணம் கைமாறிப் போகுமுன் முடக்க முடிந்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு, அதனால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், வந்த அழைப்பின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

மற்ற கடைக்காரர்களுக்கு: கூகுள் மேப்பில் கடையைப் பதிய, சரிபார்க்க, விலாசம் மாற்ற, எதற்குமே பணம் கிடையாது. பணம் கேட்டு வரும் அழைப்பு எந்தப் பேரில் வந்தாலும் துண்டித்துவிடுங்கள்.

கேள்வி: கல்லூரி இறுதி ஆண்டு ப்ராஜெக்டுக்காகச் சேலம் பஸ் ரூட் மேப் செய்தேன். ஏபிஐ கீயைக் கோடோடு சேர்த்து, யாரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் போட்டிருந்தேன். 41,000 ரூபாய் பில் வந்திருக்கிறது. கார்டு அப்பாவுடையது.

பதில்: தம்பி, முதலில் அந்தக் கீயை ரத்து செய். கோப்பை அழித்தால் போதாது, ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளின் பழைய பதிவுகளில் கீ அப்படியே இருக்கும். பொதுவெளியில் வந்த கீயைத் தேடி எடுப்பதற்கென்றே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுத்து, நிறுவனத்தின் பில்லிங் உதவிக்கு நடந்ததை மறைக்காமல் எழுது. மாணவன், முதல் தடவை, கீ திருடப்பட்டது என்று தேதி வாரியாகச் சொல். தள்ளுபடி கேட்டுப் பார்க்கலாம், கிடைத்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி கீ போட்டால் எந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று கட்டுப்பாடு வை. ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு என்று கோட்டாவும் வை. ‘பட்ஜெட் அலர்ட் வைத்திருந்தேனே’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அது மெயில் மட்டும்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது. இந்த வித்தியாசம் அமைப்புப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அப்பாவின் கார்டைக் கொடுப்பதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

ப்ராஜெக்டுக்கு கார்டே வேண்டியதில்லை. வெப்சைட்டில் மேப் காட்டும் நிரலான, 2011-ல் வந்த லீஃப்லெட் இலவசம், பலர் சேர்ந்து வரையும், 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் இலவசம். மேப்பின் மூலையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பெயரைப் போட வேண்டும். அவர்களுடைய சர்வர் நன்கொடையில் ஓடுகிறது, மொத்தமாக இறக்கி அதைத் திணறடிக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

கேள்வி: ‘வெப் டெவலப்பர் டூல்ஸ், வாழ்நாள் லைசென்ஸ்’ என்று 7,999 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே விஎஸ் கோட், கிட், பயர்பாக்ஸ் இருக்கிறது. நல்ல விலைதானா?

பதில்: மூன்றும் அவரவர் தளத்தில் இலவசம். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: சேலத்தில் சீசனுக்கு மாம்பழம் ஆன்லைனில் விற்கிறோம். ஏற்காடு வரை டெலிவரி உண்டு. தூரத்தை வைத்துக் கட்டணம் போடும் சாஃப்ட்வேர் வாங்கினோம். ஏற்காடு 14 கிலோமீட்டர் என்று காட்டுகிறது, வண்டி அதைப் போல இரண்டு மடங்கு ஓடுகிறது. வேறு மேப்புக்கு மாறலாம் என்றிருக்கிறோம். கூகுளா, ஓலாவா, மேப்பிள்ஸா?

பதில்: உங்கள் சாஃப்ட்வேர் ரோட்டையே பார்க்கவில்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 14 கிலோமீட்டர். பறவைக்கு அது சரி. உங்கள் வண்டி அடிவாரம் போய் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 30 கிலோமீட்டரை ஒட்டி ஓடியாக வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளவு நாடா பிடிப்பதுபோலக் கணக்குப் போட்டுவிட்டு, ‘டிஸ்டன்ஸ் பேஸ்டு பிரைசிங்’ என்று விற்றிருக்கிறார்கள். ரோடு வழியாகத் தூரம் தருவதற்குத் தனியாக ரூட்டிங் சேவை இருக்கிறது. அதுதான் உள்ளே இருக்கிறதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் சொன்ன பொருளை அவர் தரவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எந்த மேப் என்று ஒரே பேரில் பதில் சொல்ல நான் தயாரில்லை. கூகுள் 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கான மேப் கட்டணங்களை 70 சதவீதம் வரை குறைத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஓலா தன் மேப்பை டெவலப்பர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்று திறந்துவிட்டிருந்தது. மேப்பிள்ஸை நடத்தும் மேப்மைஇந்தியா 1995-லிருந்து இந்திய மேப் போட்டுக்கொண்டிருக்கிறது. போட்டி வந்ததில் நமக்கு நன்மைதான், ஆனால் விலை அடிக்கடி மாறுகிறது. மாதம் 200 டாலர் கழிவு என்று யூடியூபில் இன்னும் சொல்கிறார்களே, கூகுள் அதை 2025 மார்ச்சிலேயே எடுத்துவிட்டு, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச வரம்பு வைத்துவிட்டது. பழைய வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. போன சீசனில் உண்மையாகவே பழம் கொண்டுபோய்க் கொடுத்த விலாசங்களை ஒரு கைப்பிடி எடுங்கள். குகைப் பகுதியில் ஒன்று, அம்மாப்பேட்டை சந்துக்குள் ஒன்று, கன்னங்குறிச்சி, சீலநாயக்கன்பட்டி, மேலே நாகலூர் பக்கம் ஒன்று. வாடிக்கையாளர் எப்படி எழுதினாரோ அப்படியே ஒவ்வொரு சேவையிலும் போட்டுப் பாருங்கள். தமிழில் ‘அஸ்தம்பட்டி’ என்று போட்டால் வருகிறதா, ஆங்கிலத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதினாலும் பிடிக்கிறதா, பழைய கதவு எண், புதிய கதவு எண் எதைப் புரிந்துகொள்கிறது என்று பாருங்கள். வண்டி ஓட்டும் பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், ‘இது தப்பு சார்’ என்று அவர்தான் சொல்வார். மலைப் பாதையில் இவை சொல்லும் நேரத்தை நம்பாமல், அடிவாரத்துக்கு மேல் தனி மலைக் கட்டணம் என்று ஒரே தொகையாக வைத்துவிடுங்கள். உங்கள் விலாசங்களில் தேறாத மேப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

கேள்வி: டெய்லரிங் யூனிட்டுக்கு வெப்சைட் போட்டோம். வருடா வருடம் ‘எஸ்எஸ்எல் சான்றிதழ்’ என்று 4,500 வாங்குகிறார். இந்த வருடம் வேறு ஆளிடம் போகலாம் என்றால், டொமைன் (வெப்சைட்டின் பெயர்) அவர் பேரில் இருக்கிறதாம், விட 25,000 கேட்கிறார்.

பதில்: இந்தக் கடிதம் வேறு வேறு பேரில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் கோபம் வருகிறது.

முதலில் எஸ்எஸ்எல். முகவரிப் பட்டையில் பூட்டு அடையாளம் வருவதற்கான சான்றிதழ் அது. 2015 கடைசியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. சான்றிதழ் குறுகிய காலத்துக்குத்தான், ஆனால் சர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வெப்சைட்டுக்கு சர்வரில் இடம் தரும் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதைக் கணக்கோடு சேர்த்தே கொடுத்துவிடுகின்றன. பூட்டு அடையாளத்தை (குரோமில் இப்போது பூட்டு இல்லை, அதே இடத்தில் வேறு அடையாளம் இருக்கும்) தொட்டுச் சான்றிதழ் விவரத்தைப் பாருங்கள். வழங்கியவர் லெட்ஸ் என்கிரிப்ட் என்று இருந்தால், உங்களிடம் வாங்கிய 4,500 எங்கே போனது என்று அவர்தான் சொல்ல வேண்டும். அமைத்துக் கொடுத்த உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். இலவசப் பொருளுக்கு விலை போட்டு பில் கொடுப்பது ஏமாற்று.

டொமைன் விஷயம் இதைவிட மோசம். கடைப் பேர், போர்டு, விசிட்டிங் கார்டு, மெயில் எல்லாம் அந்தப் பேரில் ஓடுகிறது. பணம் கட்டியது நீங்கள், பதிவு அவர் பேரில். நானும் ஒரு தடவை இழுத்துப் போட்டு வெப்சைட் செய்யும் சேவை ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டினேன். வெளியேற நினைத்தபோது எழுதிய பக்கங்களை எடுத்துக்கொண்டு போக வழியே வைக்கவில்லை. விலைப் பட்டியலில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. உங்களைச் சிக்கவைத்திருப்பதும் அதே தந்திரம்தான்.

செய்ய வேண்டியது: டொமைனுக்காகப் பணம் கட்டிய பில், வாட்ஸ்அப் பேச்சு, ‘25,000 கொடுத்தால் விடுகிறேன்’ என்று அவர் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் சேர்த்து, டொமைனை உங்கள் பேருக்கு மாற்றி, வேறு நிறுவனத்துக்கு டொமைனைக் கொண்டுபோகத் தேவையான குறியீட்டையும் தரும்படி பதிவுத் தபாலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘இவர் வியாபாரத்துக்காக வாங்கினார், நுகர்வோரே இல்லை’ என்ற வாதத்தை எதிர்த்தரப்பு முதலிலேயே கிளப்பும். சொந்த உழைப்பில், பிழைப்புக்காக நடத்தும் யூனிட் என்பதை மனுவிலேயே ஆதாரத்தோடு எழுதிவிடுங்கள்.

புதிதாக வெப்சைட் போடுகிறவர்களுக்கு: டொமைன், ஹோஸ்டிங், மேப் கீ மூன்றும் உங்கள் மெயிலில், உங்கள் மொபைல் எண்ணில் தொடங்கப்பட வேண்டும். செய்து கொடுப்பவருக்கு வேலை முடியும் வரை அனுமதி கொடுங்கள். ‘அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, நான் பார்த்துக்கிறேன்’ என்று சொல்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

கேள்வி: 14 நாள் இலவச சோதனைக்குக் கார்டு கொடுத்தேன். மறந்துவிட்டேன். ஒரு வருடத் தொகையை எடுத்துவிட்டார்கள். ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

பதில்: திறந்து பார்க்காத பொருளுக்குக் கார்டு எதற்குக் கொடுத்தீர்கள்? தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எஸ்எம்எஸ், மெயிலைத் தேடுங்கள். வரவில்லையென்றால் வங்கியிடம் புகார் கொடுங்கள். வந்திருந்தால் நிறுவனத்தின் ரீஃபண்ட் விதியைப் பாருங்கள்.

கேள்வி: சேலம் மாவட்டக் கிராமப் புள்ளிகள் அடங்கிய டேட்டா 2,500-க்கு வாங்கினேன். என் மேப்பில் எல்லாக் கிராமமும் வடதுருவக் கடலில் விழுகிறது. டேட்டா கெட்டதா?

பதில்: டேட்டா பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், வரிசைதான் மாறியிருக்கிறது. சேலம் 11.66 அட்சரேகை, 78.15 தீர்க்கரேகை. இரண்டையும் இடம் மாற்றினால் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் போய் நிற்கும். இடப் புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும். மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்படியும் சேலத்துக்கு வரவில்லையென்றால் விற்றவரைக் கேளுங்கள்.

கேள்வி: சேர்வராயன் மலையில் பல இடங்களில் சிக்னல் இல்லை. இதற்காகக் காருக்குத் தனி ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ‘வாழ்நாள் முழுக்க மேப் இலவசம்’ என்று அட்டையில் அச்சடித்த கருவி ஒன்று என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அந்த மாடலுக்குக் கம்பெனி ஆதரவு தரும் வரைதான் மேப் என்று உள்ளே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆதரவை நிறுத்திவிட்டார்கள், மேப்பும் நின்றுவிட்டது.

உங்கள் போனே போதும். ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் தேவையில்லை, மேப் போனுக்குள் இருந்தால் சரி. காருக்கு கூகுளின் ஆஃப்லைன் மேப் போதும், நடந்து போக அது ஆஃப்லைனில் வழி சொல்லாது. நடைக்கு ஆர்கானிக் மேப்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம், ஒற்றையடிப் பாதைகளும் தெரியும். பாதை தெரிகிறது என்பதற்காகக் காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போய்விடாதீர்கள். சேலத்தில், வீட்டு வைஃபையில் இருக்கும்போதே மேப்பை இறக்கிவிடுங்கள். அப்புறம் ஏரோப்ளேன் மோடில் போட்டு ஏற்காடு ஏரிக்கு வழி கேளுங்கள். வழி காட்டினால் கிளம்பலாம்.